பத்து லாரிக்காரனுக்கு ஒரு சட்டம், ஒத்தை வண்டிக்காரனுக்கு ஒரு சட்டமா?



விலை இல்லை, தண்ணி இல்லை, கரண்ட் இல்லை என்று எத்தனையோ துண்டறிக்கை போட்டிருக்கிறோம். இந்த முறை ஒரு எஞ்சினைப் பற்றி எழுதுகிறோம். "சங்கத்துக்கு வேற வேலை இல்லையா, மெக்கானிக் வேலை பார்க்கக் கிளம்பிட்டாங்களா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். விளைந்த தக்காளி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரலைன்னா அப்புறம் விலை நல்லா இருந்து என்ன, இல்லாம என்ன?

நம்ம கிளைச் சங்கத்துக் குடும்பங்கள் எட்டுப் பேர் சேர்ந்து வைத்திருக்கிற கூட்டு வண்டியை உங்களில் பலருக்குத் தெரியும். 2006 மாடல் பிக்கப். ஆர்.சி. புக் ஒருத்தர் பேரில் இருக்கிறது, செலவும் வரவும் எட்டுப் பங்கு. தினம் விடியக்காலை 3 மணிக்குக் காட்டுக்குக் காடு நின்று பெட்டி ஏற்றிக்கொண்டு 38 கிலோமீட்டர் தள்ளி ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகும். முருங்கை சீசனில் முருங்கை, இல்லாத நாளில் தக்காளி, கத்தரி, வெங்காயம். எண்பது பெட்டிக்கு மேல் ஏற்றுவதில்லை என்று நாமே பேசி வைத்திருக்கிறோம். அந்த வண்டி இன்றைக்குப் புளியமரத்தடியில் நிற்கிறது. பழுதாகி நிற்கவில்லை. நல்லா ஓடுகிற வண்டியைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஏன் என்பதுதான் விஷயம்.

போன வருஷம் கோடையில் வண்டியின் எஞ்சின் சூடேறி ஹெட் வளைந்தது. பிரித்துப் பார்த்தால் அது மட்டும் இல்லை. முன்னமே இரண்டு தடவை ரீபோர் செய்த எஞ்சின், இனி போர் பண்ண இடம் இல்லை. கிராங்க்கும் தேய்ந்து கடைசி அளவுக்கு வந்துவிட்டது. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே, "இதுல இனிமே காசு போடறது கிணத்துல போடற மாதிரிங்க" என்றார். சேஸ் கல்லு மாதிரி இருக்கு. பாடிக்கு இரண்டு வருஷத்துக்கு முந்திதான் தகடு மாற்றினோம். ஹவுசிங், பட்டை எல்லாம் நல்லா இருக்கு. எஞ்சின் மட்டும் செத்துப்போச்சு.

புது வண்டி வாங்கு என்கிறார்கள். ஒன்பது, பத்து லட்சம் ஆகிறது. சரக்கு வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குறைத்த பிறகும் அந்தத் தொகைக்கு வட்டி கட்ட எந்தத் தக்காளி விலை இருக்கிறது? பெட்டி 80 ரூபாய்க்குப் போன நாளும் உண்டு, பறிப்புக் கூலி கூடக் கட்டாமல் வரப்பில் கொட்டிய நாளும் உண்டு. மாதத் தவணைக்காரன் அதையெல்லாம் கேட்பானா?

எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசினோம். கடைசியில் எடுத்த முடிவு இது: அதே கம்பெனி வண்டி, 2018 மாடல், விபத்தில் முன்பக்கப் பாடி நொறுங்கி இன்சூரன்ஸ்காரர்கள் கழித்துக் கட்டியது. அதிலிருந்து எஞ்சினைக் கியர் பாக்ஸோடும், முழு வயரிங்கோடும் வாங்கி நம் வண்டியில் ஏற்றுவது.

இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதே யோசனையில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் இதில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

பழைய டீசல் எஞ்சின் முரட்டு மாடு மாதிரி. பம்பு, நாசில், ஒரு டீசல் பைப். தள்ளி ஸ்டார்ட் பண்ணினால் பேட்டரி செத்திருந்தாலும் ஓடும். புதுசாக வந்த காமன் ரயில் எஞ்சின் அப்படி இல்லை. கிராங்க் எங்கே சுற்றுகிறது, ரயிலில் அழுத்தம் எவ்வளவு, காற்று எவ்வளவு, நீ ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாய் என்று ஒவ்வொன்றையும் ஒரு சென்சார் பார்த்து ஈ.சி.எம். பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி உத்தரவு கொடுத்தால்தான் இன்ஜெக்டர் டீசல் அடிக்கும். ஆக்சிலேட்டரில் கேபிளே கிடையாது, வயர்தான். சாவியில் ஒரு சில்லு இருக்கிறது. சாவியும் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்றால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

ஆகவே எஞ்சினை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டு, "வயரிங் கெடக்குது, நம்ம எலெக்ட்ரீசியன் பார்த்துக்குவான்" என்று சொல்கிறவர்கள் கெட்டார்கள். புதுப்பேட்டையானாலும் சரி, வேறு எந்தப் பழைய இரும்புச் சந்தையானாலும் சரி, அவசரத்துக்கு வயரைக் கட்டரில் நறுக்கித்தான் எஞ்சினைக் கழற்றிக் கொடுப்பார்கள். நறுக்கின வயரிங் வாங்காதீர்கள். நம் வண்டிக்கு நாமே இரண்டு பேர் போய் ஒரு நாள் முழுக்கக் கூட நின்று, ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் துணி பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதி எடுத்து வந்தோம். ஈ.சி.எம். பெட்டி, சாவி, சாவி போடுகிற லாக், ஆக்சிலேட்டர் பெடல், பியூஸ் பெட்டி, மீட்டர் போர்டு, டீசல் பில்டர், ரேடியேட்டர், இன்டர்கூலர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து. முக்கியமாக சைலன்சரில் இருக்கிற கேட்டலிஸ்ட்டையும் சேர்த்து வாங்கினோம். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதில் இருக்கும் உலோகத்துக்காகத் தனியாக விற்றும் விடுகிறார்கள். அது இல்லாமல் "புகை குறைஞ்சது" என்று சொல்ல நமக்கு வாய் இருக்காது.

எஞ்சின், கியர் பாக்ஸ், வயரிங், மற்ற சாமான் எல்லாம் சேர்த்து 1,35,000. பில் போட்டு வாங்கினோம். இதைக் கொட்டை எழுத்தில் படியுங்கள்: பில் போட்டு வாங்கினோம். கழித்துக் கட்டிய வண்டியின் ஆர்.சி. நகல், எஞ்சின் நம்பர், விற்றவர் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. பட்டறைக் கூலி 28,000. எஞ்சின் மவுண்டிங் புதுசாக வெட்டி வெல்டு வைத்தது, புரொப்பல்லர் ஷாப்ட்டை லேத் பட்டறையில் நீளம் திருத்திச் சமன் பார்த்தது 6,500. ஓஸ், கிளாம்பு, ஆயில், டீசல் ரிட்டர்ன் லைன் இப்படிச் சில்லறை 10,500. மொத்தம் 1,80,000. குடும்பத்துக்கு 22,500 ரூபாய்.

முதல் நாள் ஸ்டார்ட் ஆச்சு. எல்லாரும் கைதட்டினோம். மூன்றாம் நாள் மேட்டில் ஏறும்போது எஞ்சின் விளக்கு எரிந்து, மிதித்தாலும் வேகம் எடுக்காமல் மாடு மாதிரி நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் நிலையம் ஒன்றுக்குப் போனோம். சேஸ் நம்பரைக் கேட்டார்கள். சொன்னதும், "இந்த எஞ்சின் இந்த வண்டிக்கு உரியது இல்லை, நாங்க தொட மாட்டோம்" என்று கதவைச் சாத்தினார்கள். ஸ்கேனர் போட்டுக் கோளாறு என்ன என்று படித்துக்கூடச் சொல்லவில்லை. காசு கொடுக்கிறோம் என்றாலும் வேண்டாமாம். கடைசியில் நம் பக்கத்து ஊர் எலெக்ட்ரீசியன் தம்பிதான் ஒரு பழைய ஸ்கேனரும் டெஸ்ட் லைட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தார். எஞ்சினுக்கும் சேஸுக்கும் நடுவில் இருக்க வேண்டிய எர்த் பட்டை துருப்பிடித்த இடத்தில் போல்ட் போடப்பட்டிருந்தது. பெயிண்டைச் சுரண்டிப் புது எர்த் கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஐம்பது ரூபாய் பட்டை!

அந்தத் தம்பி கையில் கம்பெனியின் வயரிங் வரைபடம் இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் வரைபடத்தைக் கம்பெனிக்காரன் கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி பூட்டி வைத்திருக்கிறான். 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு சாமான், மோட்டார் வாகனம் என்று நான்கு வகைக்கும் அந்த உரிமை வேண்டும் என்றார்கள். அதே வருஷம் டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். நல்லது. அது நம்ம பட்டறை வாசல் வரைக்கும் எப்போ வரும்?

(இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். காமன் ரயில் எஞ்சினில் பைப்புக்குள் இருக்கிற அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலே. உங்கள் காரின் டயரில் இருப்பது இரண்டரை பார்கூட இருக்காது. எஞ்சின் ஓடும்போது லீக்கைக் கையால் தடவிப் பார்க்கிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். டீசல் தோலைக் கிழித்து உள்ளே இறங்கிவிடும், விரலையே எடுக்க வேண்டி வரும். அதே மாதிரி பேரலில் வைத்த டீசல், மண்ணெண்ணெய் கலந்த டீசல், இதெல்லாம் பழைய பம்பு பொறுத்துக்கொண்டது, இது பொறுக்காது. ஒரு இன்ஜெக்டர் போனால் ஒரு மாசக் காய் போச்சு.)

இப்போ பலன் என்ன என்று பாருங்கள். முன்னே லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போ 12 கொடுக்கிறது. போக வர 76 கிலோமீட்டருக்குத் தினம் இரண்டு லிட்டர் டீசல் மிச்சம். புகை? பி.எஸ்.-4-க்கு முந்திய டீசல் வண்டிக்குப் புகைப் பரிசோதனையில் 65 எச்.எஸ்.யு. வரை விடுவார்கள், பி.எஸ்.-4 வண்டிக்கு 50. நம் வண்டி பழைய எஞ்சினில் 61 காட்டிச் சாகப்போகிற மாதிரி தப்பித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் மாற்றின பிறகு சோதித்தால் 24. பி.எஸ்.-2 வண்டி பி.எஸ்.-4 எஞ்சினில் ஓடுகிறது. இதை அரசாங்கம் கூப்பிட்டுப் பாராட்ட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. குற்றவாளியாக்காமல் விட்டால் போதும்.

எஃப்.சி. தேதி வந்தது. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் ஏற்றியதும் உங்களுக்குத் தெரியும். நாம் ஒளிக்கவில்லை. பில், நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, "எஞ்சின் மாற்றியிருக்கிறோம், ஆர்.சி.யில் புது நம்பர் ஏற்றிக் கொடுங்கள்" என்று மனுவோடு போனோம். போக்குவரத்து அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "எஞ்சின் நம்பர் முன்னெழுத்தே வேறயா இருக்கு. டைப் வேற. ஏற்ற முடியாது." அவ்வளவுதான். எழுத்து மூலம் கொடுங்கள் என்றோம், கொடுக்கவில்லை.

வெளியே வந்தால் புரோக்கர் நிற்கிறார். அவர் சொன்ன யோசனையை அப்படியே எழுதுகிறோம். "எதுக்குங்க இவ்வளவு சிரமம்? புது எஞ்சின்ல இருக்கற நம்பரைக் கிரைண்டர் வச்சுத் தேச்சுட்டு, பழைய நம்பரைப் பஞ்ச் அடிச்சுட்டாப் போச்சு. ஆளு இருக்கு. எட்டாயிரம்."

பாருங்கள் நியாயத்தை! பில் போட்டு, உண்மையைச் சொல்லி, நேர் வாசலில் போனவனுக்குக் கதவு பூட்டியிருக்கிறது. நம்பரைத் திருத்துகிற களவாணிக்குக் கொல்லைப்புறம் திறந்திருக்கிறது. எட்டுப் பேரில் இரண்டு பேர், "ஊர்ல எல்லாரும் பண்றதுதானே" என்றார்கள். சங்கத்தில் பேசி, முடியாது என்று முடிவெடுத்தோம். நம்பர் தேய்த்த எஞ்சின் களவு எஞ்சின் என்றுதான் போலீஸ் கண்ணுக்குத் தெரியும். நாளைக்கு ரோட்டில் ஒருத்தர் மேல் மோதிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் எஞ்சின் நம்பரைத்தான் முதலில் பார்ப்பான். ஆர்.சி.யில் பேர் இருக்கிறவரின் காட்டை விற்றாலும் நஷ்ட ஈடு கட்ட முடியாது. ஒருத்தர் பேரில் இருக்கிற கூட்டு வண்டியில் அந்த ஒருத்தரைப் பலி கொடுக்க நமக்கு என்ன உரிமை? ஆகவே வண்டியை நிறுத்தினோம். அந்த முடிவு சரி என்று இன்றைக்கும் சொல்கிறோம், வயிறு எரிந்தாலும் சொல்கிறோம்.

வண்டி நின்று இன்றோடு 61 நாள். வாடகை வண்டிக்குப் பெட்டிக்கு 25 ரூபாய், எண்பது பெட்டிக்கு 2,000. நம் வண்டியில் டீசல், டிரைவர் படி எல்லாம் சேர்த்து 1,150-ல் முடிந்தது. நாளுக்கு 850 ரூபாய் கையை விட்டுப் போகிறது. 61 நாளுக்கு 51,850. இது கணக்கில் வருகிற நஷ்டம். வரத்து அதிகமான அன்றைக்கு வாடகை வண்டி பெரிய காட்டுக்காரர் வாசலில் போய் நிற்கும், நம் பக்கம் திரும்பாது. அப்படி மூன்று நாள் பறித்த காய் நிழலில் கிடந்து கனிந்தது. அதற்கு யார் கணக்கு எழுதுவது?

சட்டம் என்னதான் சொல்லுது என்று வக்கீல் ஒருவரிடம் உட்கார்ந்து படித்தோம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. முதலில் அந்தப் பிரிவு நியாயமாகத்தான் இருந்திருக்கிறது. மாற்றம் செய்வதை முன்கூட்டியே தெரிவி, பதிவு அதிகாரியின் அனுமதி வாங்கு, பிறகு செய். அவ்வளவுதான். நம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பெட்ரோல் ஜீப்பெல்லாம் டீசல் எஞ்சின் மாற்றிக்கொண்டு ஆர்.சி.யில் ஏற்றி ஊரெல்லாம் ஓடிய காலம். 2000-ம் வருஷம் திருத்தம் கொண்டுவந்தார்கள். கம்பெனி ஆதியில் சொன்ன விவரத்துக்கு வேறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றவே கூடாது என்று ஆக்கினார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் இதையே உறுதி செய்தது. அதே வருஷம் நடந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவை மாற்றி எழுதினார்கள்: அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

விதிவிலக்கு இல்லையா? இருக்கிறது. கேஸ், பேட்டரி மாதிரி வேறு எரிபொருளுக்கு மாற்ற அங்கீகரித்த கிட் போடலாம். 2022 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி போய், மூன்றரை டன்னுக்குக் குறைந்த பி.எஸ்.-6 டீசல் வண்டியில் டீசல் எஞ்சினையே கழற்றிவிட்டு கேஸ் எஞ்சின் வைக்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். சோதனை வைத்து, சான்று கொடுத்து, எஞ்சின் மாற்ற அரசாங்கத்துக்குத் தெரிகிறது என்றுதானே இதற்கு அர்த்தம்? அதே கம்பெனி, பன்னிரண்டு வருஷம் பிந்திச் செய்த, புகை குறைந்த எஞ்சினுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

இனிமேல்தான் வேடிக்கை. 52-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனம் வைத்திருப்பவர், அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை, பதிவு அதிகாரியின் அனுமதி கேட்காமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிக்கை போட்டு அனுமதிக்கலாம். மாற்றிவிட்டு 14 நாளுக்குள் தெரிவித்தால் போதும்.

இன்னொரு தடவை படியுங்கள். பத்து வண்டி! பத்து லாரி வைத்திருப்பவன் சொன்னால் நம்பலாம், ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவன் சொன்னால் நம்ப முடியாது. பத்து லாரிக்காரனின் எஞ்சின் களவு எஞ்சினாக இருக்காதாம், ஒத்தை வண்டிக்காரனின் எஞ்சின் இருக்குமாம். நம் எட்டுக் குடும்பமும் தலைக்கு ஒரு வண்டி வைத்திருந்தால்கூட பத்து வராது. இந்தப் பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்லுங்களேன்!

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சலுகைகூட 'அதே வகை' எஞ்சினுக்குத்தான். நம் வண்டியில் வைத்தது அதே தயாரிப்பு, வேறு வகை. ஆகவே பத்து என்பதை ஒன்று என்று திருத்தினால் மட்டும் நம் கூட்டு வண்டி ஓடிவிடாது. ஆனால் அதே வகைப் பழைய எஞ்சின் தேடித் திரிகிற ஆயிரம் பேருக்கு அது உதவும். நம் வண்டிக்கு இரண்டாவது வழி வேண்டும்.

எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதையும் தள்ளிவிடவில்லை. "கண்டபடி எஞ்சின் மாற்ற விட்டால் விபத்து நடக்காதா?" நடக்கும். பழைய பிரேக்கை வைத்துக்கொண்டு இரண்டு பங்கு இழுவை எஞ்சினை ஏற்றினால் மலைப் பாதையில் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். நாம் கூட பிரேக் பூஸ்டரும், முன் டிஸ்க்கும் பார்த்துத்தான் ரோட்டில் இறக்கினோம். கியர் பாக்ஸ் மவுண்டிங்கை ஒழுங்காக வெல்டு வைக்காத பட்டறையும் இருக்கிறது. அதனால்தான் சோதித்துப் பார் என்கிறோம். பிரேக்கைச் சோதி, வெல்டிங்கைச் சோதி, புகையைச் சோதி, பில்லைச் சோதி. தேறவில்லை என்றால் தள்ளு, ஒத்துக்கொள்கிறோம். பார்க்கவே மாட்டேன் என்றால்? பார்க்காமல் விட்ட எஞ்சினெல்லாம் நம்பர் தேய்த்துக்கொண்டு அதே ரோட்டில்தானே ஓடுகிறது! பாதுகாப்பு அதில் எங்கே இருக்கு?

"15 வருஷத்து வண்டியைக் கழித்துப் போடு, 2021-லேயே கழிவுக் கொள்கை வந்துவிட்டது" என்றும் சொல்கிறார்கள். நம் வண்டியில் கழிக்க வேண்டியது எஞ்சின்தான், அதை நாமே கழித்துவிட்டோம். பழைய இரும்புக்குப் போட்ட ரசீதும் இருக்கிறது. நல்ல சேஸையும் சேர்த்து உருக்கிவிட்டுப் புதுச் சேஸ் செய்ய நிலக்கரி எரிப்பதில் என்ன சுற்றுச்சூழல் வாழுது என்று நமக்கு விளங்கவில்லை. மோட்டார் காயில் எரிந்தால் காயில் கட்டுவோம், கிணற்றை மூடுவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மத்திய அரசு 52-வது பிரிவில் பத்து வண்டி என்பதை எடுத்துவிட வேண்டும். ஒரு வண்டிக்காரனுக்கும், சங்கம், கூட்டுறவு, உழவர் உற்பத்தியாளர் குழு பேரில் இருக்கிற வண்டிக்கும் அதே உரிமை வேண்டும். அதே தயாரிப்பில் புகை விதி உயர்ந்த பிந்திய எஞ்சினை வைக்கிறவனுக்கு, கேஸ் எஞ்சினுக்குக் கொடுத்த மாதிரி ஒரு சோதனை முறை வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஊர்விட்டு ஊர் ஆய்வுக்கூடம் கொண்டுபோக நம்மால் ஆகாது, மாவட்டத்துக்குள்ளேயே பார்க்க வேண்டும். மாநில அரசு நாளைக்கே செய்யக்கூடியதும் உண்டு: எஞ்சின் மாற்ற மனுவை வாங்கினால் கையோடு ரசீது, இத்தனை நாளில் பதில் என்று கெடு, மறுத்தால் காரணம் எழுத்தில். இதற்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கம்பெனிகள் விற்பனையை நிறுத்திய மாடலுக்காவது வயரிங் வரைபடத்தையும், சாவி சேர்க்கிற முறையையும் காசு வாங்கிக்கொண்டாவது வெளிப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்றால் அரசு கொடுக்க வைக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கும் சொல்கிறோம். பில் இல்லாத எஞ்சின், விலை பாதி என்றாலும் வேண்டாம். வாங்குகிற முன்னால் அந்த எஞ்சின் எந்த வண்டியுடையது, அந்த ஆர்.சி. ரத்தாகிவிட்டதா, கடன் நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். பைனான்ஸில் இருக்கிற உங்கள் வண்டி என்றால் பைனான்ஸ்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எஞ்சினைத் தொடக்கூடாது, அதுவும் அதே 52-வது பிரிவில் இருக்கிறது. நம்பர் பஞ்ச் அடித்து ஓட்டுகிறவர்கள் சங்கத்தை உதவிக்குக் கூப்பிட வேண்டாம், வரமாட்டோம். இதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

1972-ல் நாராயணசாமி நாயுடு அவர்கள் தலைமையில் நம் முன்னோர் கோவை நகரத் தெருக்களில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அன்றைக்கு அவர்களிடம் இருந்தது மாட்டு வண்டி. நம்மிடம் இருப்பது இந்தப் பிக்கப்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகத்துக்கு நம் கூட்டு வண்டியைக் கொண்டுபோகிறோம். எஃப்.சி. இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டமாட்டோம், டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். எண்பது பெட்டி தக்காளி அதில் இருக்கும். எஞ்சின் நம்பர் ஏறாமல், பழுது பார்க்க முடியாமல், எஃப்.சி. கிடைக்காமல் நிற்கிற வண்டிக்காரர்கள் எல்லோரும் ஆர்.சி. நகல், எஞ்சின் பில் நகல், மனு கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் அந்தத் தேதி, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் வியாழக்கிழமை மாலைக்குள் கொடுத்துவிடுங்கள். டிராக்டர் காலை 7 மணிக்குப் புளியமரத்தடியிலிருந்து கிளம்பும். சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வரவும்.